வலை அறுபடும் முன்பே: கரையோர ஊர்களுக்குக் கூட்டுக் குழு அமைக்கும் முறை

மேற்கு ஆப்பிரிக்காவின் அண்டை நாடுகளான லைபீரியாவும் சியரா லியோனும் 1973இலேயே மானோ ஆற்று ஒன்றியம் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 1980இல் கினியும் சேர்ந்தது. ஆனாலும் லைபீரியாவின் உள்நாட்டுப் போர் எல்லை தாண்டிப் பரவியது. தலைநகரத்துக் கையெழுத்து எல்லைக் கிராமத்துக்கு எட்டவில்லை. பிறகுதான் சுங்கம், குடிவரவு, பொலிஸ் அதிகாரிகளோடு ஊர்த்தலைவர், பெண்கள், இளைஞர் சேர்ந்து உட்காரும் எல்லைக் குழுக்களை அமைத்தார்கள்.

திருகோணமலைக் கரைக்கும் இது பொருந்தும். சோழகத்தில் மேற்குக் கரைத் தொழிலாளர் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிறார்கள். கரைவலைப் பாட்டுக்கும் (கரைவலை இழுக்கும் இடம்) அறுந்த வலைக்கும் வரும் சண்டை, ஒரே இரவில் இனச் சண்டையாகிவிடும்.

படகுகள் வருமுன், மாசியிலேயே கூடுங்கள். ஊரவர், வந்தவர் என்று பக்கத்துக்கு ஐந்து பேர்: சம்மாட்டி (படகு, வலை முதலாளி) ஒருவர், கடலுக்குப் போகும் தொழிலாளர் மூவர், கருவாடு போடும் பெண் ஒருவர். சம்மாட்டிமார் மட்டும் பேசி முடித்தால், இரவில் வலை வளைப்பவருக்கு அந்த முடிவு தெரியவே தெரியாது. பெண்களை ஒப்புக்குச் சேர்க்காதீர்கள். மானோ ஆற்று நாடுகளின் பெண்கள் 2000இல் தொடங்கிய அமைதி வலையமைப்புக்கு 2003இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு கிடைத்தது.

முதல் கூட்டத்துக்கு ஒரே விடயம் போதும். காணியும் காணாமல் போனோரும் இதைவிடப் பெரியவை. அவற்றுக்கு நீதி வேண்டும், இந்த மேசையில் அது கிடைக்காது. கடற்றொழில் பரிசோதகரை அழையுங்கள், தலைமை மட்டும் கொடுக்க வேண்டாம்.

அதிகம் பிழை வரும் இடம், சொற்கள்தான். ‘கரைக்குக் கிட்ட’ என்றால் ஒருவருக்கு நூறு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி), மற்றவருக்கு ஐந்நூறு. இரு தரப்பும் ஒரே படகில் போய், எல்லையில் நின்று, ஜிபிஎஸ் எண்ணைக் குறியுங்கள். ஒரே தாளில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம்; இரண்டையும் உரக்க வாசித்த பிறகே கையெழுத்து.

வாடி போடும் நாளோடு பிரிக்கும் நாளையும் எழுதுங்கள். போர்க்காலத்தில் சியரா லியோனின் எல்லைக் கிராமமான யெங்காவுக்குள் வந்த கினிப் படை அங்கேயே தங்கிவிட்டது; படையகற்ற உடன்பட 2012 வரை ஆனது.

வலை அறுந்தால் கடலில் மறிக்கக் கூடாது. படகு இலக்கத்தைப் படம் எடுத்து, இரு தரப்புத் தொடர்பாளருக்கும் உடனே அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் குழு கூடி, அறுந்த வலையைக் கரையில் விரித்து, வலைக்கண்ணின் அளவு பார்த்து, துண்டு துண்டாக எண்ணி விலை போடட்டும். வாடி பிரிக்கும் முன் அந்தக் கணக்குத் தீர வேண்டும்.