கண்ணுக்குள் புழுவா? மாத்திரைக்கு முன் விழித்திரையைப் படமெடுக்கும் முறை

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துச் சிறிய கண் பரிசோதனை மையங்களில் புதிதாகச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளுக்கான விளக்கம் இது. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி கண்ணுக்குள் இருக்கும்போது அல்பெண்டசோல் (புழுவைக் கொல்லும் மாத்திரை) கொடுத்தால், புழு செத்து உள்ளே கடுமையான அழற்சி கிளம்பும், பார்வையே போகலாம். வலிப்பு வந்து மூளையில் இந்த நீர்க்கட்டி தெரிந்தவருக்கும் மாத்திரை தொடங்கும் முன் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

சொட்டு மருந்து

பக்கவாட்டில் டார்ச் அடித்து கண்ணின் முன்னறை ஆழத்தைப் பாருங்கள். ஆழம் குறைவாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சொட்டு விடாதீர்கள். மற்றவர்களுக்குக் கருமணியை விரிக்க டிராபிகமைடு 0.8%, ஃபினைலெஃப்ரின் 5% கலந்த சொட்டு. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு டிராபிகமைடு மட்டும். 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டால் கருமணி பாதிதான் விரியும், படத்தின் ஓரம் முழுக்கக் கருத்துவிடும்.

செல்போனும் 20டி லென்ஸும்

ஃபண்டஸ் கேமரா (விழித்திரையைப் படமெடுக்கும் கருவி) இல்லாத இடத்தில் செல்போனும் 20டி லென்ஸும் (20 டயாப்டர் திறனுள்ள கைலென்ஸ்) போதும். போனை வீடியோவில் போட்டு ஃப்ளாஷை எரியவிடுங்கள். வெளிச்சம் கூசினால் ஃப்ளாஷ் மேல் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டலாம். லென்ஸின் வெள்ளி வளையப் பக்கம் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கு 5 செ.மீ. முன்னால் லென்ஸ், அதிலிருந்து சுமார் ஒரு அடி தள்ளி போன். முதலில் லென்ஸ் இல்லாமல் கருமணியில் சிவப்பு ஒளி தெரியும்படி போனை நேராக்குங்கள். பிறகு லென்ஸை நடுவில் கொண்டுவந்து, விழித்திரை லென்ஸை நிறைக்கும்வரை மெல்லப் பின்னிழுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் கண்ணிமை மயிரைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் வெள்ளைப் பளபளப்பு வந்தால் லென்ஸை லேசாகச் சாய்த்தால் விலகும்.

"அம்மா, என் காதைப் பாருங்க, மேலே பாருங்க" என்று சொல்லிச் சொல்லி ஓரங்களையும் எடுங்கள். படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வரும் என்பதால் 180 டிகிரி திருப்பித்தான் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

அசையாத படத்தைவிட வீடியோவை நம்புவதற்குக் காரணம் உண்டு. உயிருள்ள புழு வெளிச்சத்தில் நெளியும், சுருங்கும். ஒரே கண்ணில் பார்வை குறைந்து, சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால், அவற்றின் அருகே அரை மி.மீ. அளவுகூட இருக்கக்கூடிய வளைந்த புழுவைத் தேடுங்கள். பொறுமையாக, பல முறை.

டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் தொற்றில் அசைவு எதுவும் இருக்காது. பழைய கருத்த தழும்பை ஒட்டிப் புதிய வெள்ளைத் திட்டு இருக்கும். கண்ணின் உள்நீர்மம் கலங்கியிருந்தால் அந்தத் திட்டு மார்கழி மூடுபனியில் எதிரே வரும் வண்டி விளக்குபோல மங்கலாகத் தெரியும். ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் கருவி) இருந்தால் அந்த இடத்தில் ஒரு குறுக்குவெட்டு எடுங்கள். விழித்திரையின் உள்ளடுக்குகள் பளிச்சென்று தடித்திருக்கும்.

உள்ளே தெரியாத கண்ணுக்கு பி-ஸ்கேன்

பி-ஸ்கேன் என்பது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட். மூடிய இமைமேல் ஜெல் தடவி 10 மெகாஹெர்ட்ஸ் புரோபை அழுத்தாமல் வையுங்கள். அடிபட்டுக் கிழிந்த கண்ணில் வைக்கவே கூடாது. புரோப் கீழே இருந்தால் திரையில் தெரிவது மேல்பக்க விழித்திரை. இடத்தைத் தவறாக எழுதும் பிழை இங்கேதான் நடக்கிறது. கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) 90 டெசிபல் அளவில் தொடங்கி 60-70க்கு இறக்குங்கள். நீர்க்கட்டியின் சுவர் மங்கிப்போகும், உள்ளே இருக்கும் புழுத்தலை மட்டும் பளிச்சென்று நிற்கும். அதுவே சிஸ்டிசெர்கோசிஸின் (பன்றி நாடாப்புழு நீர்க்கட்டி நோயின்) அடையாளம்.

குழந்தையின் கருமணி வெண்மையாகத் தெரிந்தால் டாக்ஸோகாரா (நாய், பூனையின் உருளைப்புழு) தொற்று என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கண் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். பி-ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் அந்தச் சந்தேகம் கூடும். அன்றே அனுப்புங்கள்.

கடற்காற்று ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ அனுப்பும்போது எந்தக் கண், எத்தனை மணிக்கு எடுத்தது, என்ன சொட்டு விட்டீர்கள் என்று எழுதுங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து புழுவே மறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.