களப்புச் சேற்றை வைத்துச் செம்பு பிடிப்பது எப்படி

கிண்ணியாப் பக்கம் கண்டல் ஓரத்தில் காலை வைத்தால் பொதுக்கென்று இறங்குமே, கூழ்முட்டை நாற்றத்தோடு ஒரு கறுத்த சேறு, அதுதான் நமக்கு வேண்டிய சாமான். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் பற்றீரியா, உப்புநீரில் உள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகிறது. அது சுரங்கக் கழிவுநீரில் கரைந்திருக்கும் செம்பையோ துத்தநாகத்தையோ பிடித்துக் கரையாத தூளாக்கிவிடும். நெதர்லாந்தில் பூடல் என்ற ஊரின் துத்தநாக ஆலையில் 1992இலேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டார்கள். நம் புல்மோட்டைக் கனிம மணலுக்கு இது உதவாது, அங்கே இல்மனைட்டு என்ற கனிமத்தைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். ஆகவே நாம் செய்து பார்க்க, சுரங்க நீருக்குப் பதிலாகத் துருசு, அதாவது நீல நிறச் செம்புச் சல்பேற்று, கரைத்த தண்ணீர்.

ஒன்றரை லீற்றர் சோடா போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சேறு போடுங்கள். பற்றீரியாவுக்குச் சாப்பாடாக ஒரு பிடி மாட்டெருவும் மரத்தூளும், புளிப்பை அடக்க இடித்த மட்டி ஓடு கொஞ்சம். மிச்சத்துக்குக் களப்புத் தண்ணீர், சல்பேற்று அதிலேயே தாராளமாக இருக்கிறது. மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு போத்தலுக்குள் விடுங்கள், இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். கறுப்புத் துணி சுற்றி வெளியே நிழலில் வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று கிழமையில் உள்ளே கன்னங்கரேல் என்றாகிவிடும்.

முதல் தடவை நான் அவசரப்பட்டுத் துருசுத் தண்ணீரை நேரே இதற்குள் ஊற்றினேன். நீலம் மறைந்தது, சரி என்று இன்னும் ஊற்றினேன், பற்றீரியா செத்துப்போனது. தண்ணீர் தெளிந்ததே தவிர, செம்பு சேற்றோடு சேறாகிவிட்டது, எப்படி எடுப்பது?

அதனால் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். போத்தலின் மேல்நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி, ஒரு சிட்டிகை துருசும் சில சொட்டு வினாகிரியும் கலந்த தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பட்ட இடமெல்லாம் கறுத்துக் கலங்கும். இரும்பு கலந்திருந்தாலும் அந்தப் புளிப்பில் அது கரைந்தே நிற்கும், செம்புதான் முதலில் விழும். நீலம் போனதும் நிறுத்துங்கள், அதற்குமேல் விடும் சல்பைட்டு வாயுவாகக் கிளம்பும். அந்த வாயு நஞ்சு, கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குள் செய்யவே வேண்டாம்.

ஒரு இரவு அடைய விட்டு, கோப்பி வடிதாளில் வடித்துக் காயவையுங்கள். சுத்தமான செம்புச் சல்பைட்டு என்றால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு செம்பு. வடித்த நீரில் இன்னும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கறுத்தால் செம்பு மிச்சம் இருக்கிறது, அதைக் களப்பில் கொட்டாதீர்கள்.