மண்ணிலிருந்து பேசில்லஸ் சப்டிலிஸ்: பிடிப்பது சுலபம், பெயர் வைப்பதுதான் பாடு

மண்ணில் மொய்க்கும் பாக்டீரியாக் கூட்டத்திலிருந்து பேசில்லஸ் சப்டிலிஸைப் பிரிக்க ஒரு குறுக்குவழி உண்டு: மொத்தத்தையும் சூடாக்கிவிடுங்கள். சாப்பாடு தீர்ந்ததும் இது அகவித்தாக (எண்டோஸ்போர், கெட்டியான உறையோடு உறங்கும் வடிவம்) ஒடுங்கிக்கொள்ளும். சாதாரணச் செல்கள் சாகும் சூட்டை அகவித்து தாங்கிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். 1 கிராம் மண்ணை 9 மில்லி கிருமி நீக்கிய உப்புக்கரைசலில் போட்டுக் குலுக்கி, குழாயை 80 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள். குழாய்க்குள் இருக்கும் கரைசல் 80-ஐத் தொட்ட பிறகுதான் நேரம் ஆரம்பம். முதல் முறை நான் இதில்தான் கோட்டைவிட்டேன். தொட்டியின் சூட்டை மட்டும் பார்த்துவிட்டு எடுத்ததில், வேண்டாததெல்லாம் தட்டில் முளைத்து நின்றது. அப்புறம் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து, நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக்கூழ்) பரப்பி, 30 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள் மங்கிய வெள்ளையில், ஓரம் கோணல்மாணலாக, காய்ந்த ஆடை போலச் சுருங்கிய காலனிகள் (ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டுகள்) தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆனால் இதே இனம் சில நேரம் கொழகொழவென்றும் வளரும், அதனால் தோற்றத்தை நம்பிப் பெயர் எழுதாதீர்கள். ஒரே காலனியைத் தொட்டு, புதுத் தட்டில் கோடிழுத்துத் தூய வளர்ப்பாக்குங்கள்.

அடுத்து செல்சுவரின் தன்மையைப் பார்த்துப் பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரிக்கும் கிராம் சாயம், ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. மெல்லிய பூச்சைச் சூட்டில் ஒட்டவைத்து, கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், ஆல்கஹால் சில விநாடிகள், கடைசியில் சஃப்ரனின். ஒவ்வொன்றுக்கும் பிறகு நீரில் அலசல். ஊதா நிறக் கோல்கள் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ். கோலின் நடுவே சாயம் ஏறாத நீள்வட்ட வெற்றிடம் இருந்தால் அதுதான் அகவித்து. பழைய வளர்ப்பு வேண்டாம்: வயதான செல்களின் சுவர் சாயத்தைப் பிடித்துவைக்காமல் இளஞ்சிவப்பாகிவிடும், கிராம் நெகட்டிவ் என்று நீங்களும் எழுதிவிடுவீர்கள். 24 மணி நேரத்துக்கு மேற்படாத வளர்ப்பே சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. உணவு நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் மண்ணில் உண்டு, அதுவும் இதே சூட்டைத் தாங்கும். மேனிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்), முட்டை மஞ்சள்கரு கலந்த எம்ஒய்பி அகாரில் போட்டால் சீரியஸ் இளஞ்சிவப்பாக, சுற்றிலும் மங்கிய வளையத்தோடு வரும். சப்டிலிஸ் மேனிட்டாலைப் புளிக்கவைத்து மஞ்சளாக்கும், வளையம் இருக்காது. எதுவானாலும் இதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் (அழுத்த நீராவியில் கிருமி நீக்காமல்) குப்பையில் போடாதீர்கள்.

இனி வகைப்பாடு. 1835-இல் ஏரன்பெர்க் இதற்கு விப்ரியோ சப்டிலிஸ் என்று பெயரிட்டார், 1872-இல் ஃபெர்டினாண்ட் கோன் பேசில்லஸ் பேரினத்துக்கு மாற்றினார். குடும்பம் பேசில்லேசி, வகுப்பு பேசில்லை. தொகுதியைப் பழைய நூல்கள் ஃபெர்மிக்யூட்ஸ் என்னும். 2021 முதல் அது பேசில்லோட்டா.

கடைசிப் படி 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு, பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் மரபணு. அதன் சுமார் 1500 காரங்களை (டிஎன்ஏ எழுத்துகளை) படித்தாலும் சப்டிலிஸையும் அதன் நெருங்கிய உறவினமான பேசில்லஸ் வெலசென்சிஸையும் அது தெளிவாகப் பிரிக்காது. அதற்கு ஜைர்பி (gyrB) என்னும் வேறொரு மரபணுவோ முழு மரபணுத்தொகுதியோ வேண்டும். கையில் 16எஸ் மட்டும் இருந்தால் குழாயில் "பேசில்லஸ் சப்டிலிஸ் குழு" என்று எழுதி ஒட்டுங்கள்.