குறி தப்பினால் முதலில் எதைச் சந்தேகிப்பது? ரேஞ்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர் பிஸ்டல் பழக வந்து ஒரு மாதம் ஆன பையன். பத்துக்கு அடுத்தடுத்து இரண்டு ஏழு. "சார், எல்லாமே இடப்பக்கம் கீழே போகுது, சைட் கெட்டுப்போச்சு சார்" என்று குறி பார்க்கும் கருவியைக் குறை சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். கையிலிருந்த பிஸ்டலும் அவனோடு திரும்பியது. பக்கத்து லேனில் ஒரு பெண் குனிந்து பெல்லட் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, முதலில் அதை டேபிளில் வை. பேரல் வாய் டார்கெட்டைப் பார்த்து இருக்கட்டும். சைட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்."

"பெல்லட் போடல சார், வெறும் துப்பாக்கிதான்."

ரேஞ்சில் நான் அதிகம் பயப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான். ஏர் பிஸ்டல் என்றால் பொம்மை என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. 4.5 மி.மீ. ஈய பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். மற்ற எந்தத் தவறு செய்தாலும் அடுத்த பெல்லட்டில் திருத்திக்கொள்ளலாம். இதில் அந்த அவகாசம் கிடையாது. அதனால் பேரலில் ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து, பேரல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக்கைச் செருகிய பிறகுதான் துப்பாக்கியை விட்டு நகர வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். "ஸ்டாப்" என்ற குரல் வந்தால், பாதி அழுத்திய டிரிகரிலிருந்தும் விரலை எடுத்துவிட வேண்டும். யாராவது டார்கெட் பக்கம் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது, துடைப்பதற்காகக்கூட.

சரி, அந்தப் பையனின் சைட்டுக்கு வருவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அவனை மடக்கிவிடலாம். அப்படிச் செய்வது தப்பு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 600-க்கு 597 எடுத்து மூன்றாவதாக வந்தார். இறுதிச் சுற்றில் ஏழாவது இடத்துக்குப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு சரியாகப் பதியாமல் ஆடியது பிறகுதான் தெரிந்தது. கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஓடு கண்ணில் பட்டிருக்காது. 2008 பெய்ஜிங்கில், இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சிச் சுடுதலில் அவருடைய பெல்லட் வழக்கத்துக்கு மாறாக எங்கோ விலகிப் போனது. அவர் பதறவில்லை. சைட்டைத் திருகிச் சரிசெய்துகொண்டு நின்றார். கடைசிச் சுடுதலில், அதிகபட்சமான 10.9-க்கு 10.8 எடுத்து தங்கம் வென்றார்.

ஆக, கையா கருவியா என்பதை ஊகித்துச் சொல்லக் கூடாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டியதில்லை. அன்று அந்தப் பையனின் மணிக்கட்டுக்குக் கீழே மணல் மூட்டையை வைத்து, அதே பிஸ்டலில், அதே டப்பா பெல்லட்டில் ஐந்து சுடச் சொன்னேன். ஐந்தும் நடுவை ஒட்டி ஒரே கொத்தாக விழுந்தன. சைட்டில் கோளாறு இல்லை. அடுத்து பெல்லட் இல்லாமல் ட்ரை ஃபயர் செய்யச் சொல்லி, பேரல் நுனியிலுள்ள முன்சைட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். 'டிக்' என்ற சத்தத்தோடு முன்சைட்டின் நுனி இடது பக்கம் சரிந்து கீழே முங்கியதை அவனே பார்த்தான். ஆள்காட்டி விரல் மட்டும் அசைய வேண்டிய நேரத்தில் மொத்தக் கையும் இறுகுகிறது. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் கீழே போவதற்கு ரொம்ப வழக்கமான காரணம் இதுதான்.

அந்தச் சின்ன முங்கல் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஏர் பிஸ்டலில் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ. இருக்கும். பின்சைட்டின் பள்ளத்தில் முன்சைட் வெறும் 1 மி.மீ. தள்ளி நின்றால், 10 மீட்டர் தாண்டி டார்கெட்டில் அது 3 செ.மீ. ஆகிவிடும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். பத்து, ஏழாகிவிட்டது. மாறாக, இரண்டு சைட்டும் ஒழுங்காகப் பொருந்தியிருந்து மொத்தக் கையும் 5 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டிலும் அதே 5 மி.மீ.தான், அப்போதும் பத்துதான். புதிதாக வருகிறவர்கள் கை ஆடுகிறதே என்று கவலைப்பட்டு, கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். முன்சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கை எல்லோருக்கும் ஆடும், ஒலிம்பிக் வீரர்களுக்கும் ஆடும்.

துப்பாக்கியைச் சோதிக்கும்போது நடக்கும் பெரிய தவறு அவசரம். ஒரு பெல்லட் வலப்பக்கம் போனதும் சைட் திருகில் இடப்பக்கம் இரண்டு கிளிக். அடுத்தது இடப்பக்கம் போனால் திரும்ப வலப்பக்கம். இப்படியே துரத்தினால் சாயங்காலம் வரை துரத்தலாம். குறைந்தது ஐந்து சுட்டு, கொத்தின் நடு எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே கிளிக்கில் கை வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிடியையும் டிரிகர் எடையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ஸ்கோர் கூடினால் எதனால் கூடியது என்று எப்படித் தெரியும்? பெல்லட்டுக்கும் இது பொருந்தும். 4.49, 4.50 என்று தலை அளவு சொல்லி டப்பாக்கள் விற்கிறார்கள். எந்த அளவு நம் பேரலுக்கு ஒத்துவரும் என்பதைத் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு டப்பாவிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தே சொல்ல முடியும். மூன்று சுட்டு மூன்றும் ஒட்டிக்கொண்டால் சந்தோஷப்பட வேண்டாம், அது தற்செயலாகவும் இருக்கலாம். பேரலைத் துடைத்த உடனே சோதிக்க வேண்டாம். முதல் சில பெல்லட்டுகள் தாறுமாறாகப் போகும். கீழே விழுந்து நசுங்கிய பெல்லட்டைப் பொறுக்கிப் போடவும் வேண்டாம்.

பிஸ்டலின் காற்று சிலிண்டரை யாரும் சோதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 200 பார் அழுத்தம் அடைத்த உலோகக் குழாய் அது. தயாரித்த தேதியிலிருந்து பெரும்பாலும் பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். பழைய பிஸ்டலை மலிவாக வாங்குகிறவர்கள் பேரலை ஆயிரம் முறை பார்ப்பார்கள், இந்தத் தேதியைப் பார்க்க மாட்டார்கள். நிரப்புவதும் சுத்தமான உலர்ந்த காற்றாக இருக்க வேண்டும். ஆக்சிஜனை மறந்தும் நிரப்பக் கூடாது, வெடித்துவிடும். இன்னொன்று: பெல்லட் ஈயம். லேன் டேபிளில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

தவறிலிருந்து கற்பது என்றால் எனக்கு மேத்யூ எம்மன்ஸ்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கர். ஏதென்ஸில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் கடைசிச் சுடுதலுக்கு முன் மூன்று புள்ளி முன்னிலை. இரண்டாம் லேனில் நின்றவர் மூன்றாம் லேன் டார்கெட்டைச் சுட்டுவிட்டார். சுட்டதென்னவோ 8.1, தங்கத்துக்கு அதுவே போதும், ஆனால் கிடைத்தது பூஜ்யம், எட்டாவது இடம். வழக்கமாக முதலில் லேன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டார்கெட்டுக்கு இறங்குவாராம். அன்று மனத்தை அமைதிப்படுத்துவதில் கவனம் போய், எண்ணைப் பார்க்கவில்லை. 2008-இல் அதே போட்டி, மீண்டும் கடைசிச் சுடுதல், மீண்டும் முன்னிலை. துப்பாக்கியை டார்கெட்டுக்கு இறக்கும்போதே விரல் டிரிகரில் பட்டுவிட்டது. 4.4, நான்காவது இடம். 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். இரண்டு தடவை அப்படி இழந்தவர் நான்கு ஆண்டு கழித்து அதே கோட்டில் வந்து நின்றாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அவருடைய இரண்டு தவறும் குறி பார்ப்பதில் நடக்கவில்லை. அதற்கு முந்தைய நொடிகளில் நடந்தவை. அதனால் என்னிடம் பழகுகிறவர்களை, சுட்டதும் மானிட்டரைப் பார்க்க விடுவதில்லை. சுட்ட பிறகும் இரண்டு நொடி கை அப்படியே நிற்கட்டும். பெல்லட் எங்கே போயிருக்கும் என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும், அப்புறம் பார்க்கலாம். பத்து நொடிக்கு மேல் கையை நீட்டிக்கொண்டே நின்றால் சுடாமல் இறக்கிவிட வேண்டும். கண் களைத்துவிட்டது, தோள் தளர்ந்துவிட்டது. எப்படியாவது முடித்துவிடலாம் என்று அழுத்துகிற பெல்லட்தான் பெரும்பாலும் ஆறு, ஏழு.

அந்தப் பையனுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தேன். ஸ்கோர் எழுத வேண்டாம், ஒவ்வொரு மோசமான பெல்லட்டுக்கும் காரணம் மட்டும் எழுது என்றேன். முதல் பக்கம் முழுக்க "சைட்", "லைட் சரியில்லை", "பக்கத்துல சத்தம்" என்றே இருந்தது. மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தான்: "12-ஆவது: இறக்கியிருக்கணும், இறக்கல. இடப்பக்கம் 7-ன்னு சொன்னேன். 7."