டிரெய்லர் நடுவழியில் படுத்துவிட்டால் பயணத்தைக் காப்பாற்றுவது எப்படி

குடும்பத்தோடு கேம்பிங் கிளம்பி, பாதி வழியில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் படுத்துவிட்டால் முதலில் வாயில் வருவது "எல்லாம் போச்சு" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாடு, பிள்ளைகளின் துணிமணி எல்லாம் டிரெய்லருக்குள் இருக்க, டிரெய்லரோ சாலையோரத்தில் ஒரு சக்கரத்திலிருந்து புகை விட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்கு நாங்கள் முகாமுக்குப் போகவே இல்லை, இருட்டியபிறகு வீட்டுக்குத் திரும்பினோம். பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் புரிந்தது, கெட்டுப்போனது ஒரே ஒரு பேரிங், சக்கரத்தை உராய்வில்லாமல் சுழலவிடும் அந்தச் சின்ன வளையம். கார் நன்றாக இருந்தது, பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள், முகாமில் எங்களுக்கு இடமும் இருந்தது. மொத்தப் பயணத்தையும் டிரெய்லருக்குள் பூட்டி வைத்திருந்ததால்தான் அதோடு சேர்ந்து பயணமும் படுத்தது. அதற்குப் பிறகு நாங்கள் கிளம்பும் விதமே மாறிவிட்டது. முதலில் ஆட்கள், அப்புறம் டிரெய்லர், அதற்கும் அப்புறம் பயணம் என்ற வரிசையில் எழுதுகிறேன், ஏனென்றால் பதற்றத்தில் இந்த வரிசைதான் முதலில் குலைகிறது.

நிறுத்துவதிலிருந்து ஆரம்பம்

ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் வெடித்தாலோ, டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தாலோ, பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் போகும். மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். டிரெய்லருக்கென்று தனி எலெக்ட்ரிக் பிரேக் இருந்து, அதை இயக்கும் கைப்பிடி காருக்குள் இருந்தால், அதை மட்டும் லேசாக அழுத்துங்கள். பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல டிரெய்லர் நேராகிவிடும்.

வளைவிலோ மேட்டின் மறுபக்கத்திலோ நிற்க வேண்டாம். காற்றுப்போன டயரோடு இன்னும் சில நூறு மீட்டர் ஊர்ந்துபோனால் ரிம் கெட்டுப்போகலாம், போகட்டும், ரிம் வாங்கிக்கொள்ளலாம். தூரத்திலிருந்தே பார்வைக்குத் தெரிகிற, கெட்டியான, சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள்.

பிள்ளைகளைப் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக மட்டும் இறக்குங்கள். சாலையோரத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பின்னாலிருந்து ஏதாவது வந்து இடித்தால் உங்கள் வண்டி முன்னோக்கித்தான் பாயும். பெரியவர்களில் ஒருவருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை, இது மிக முக்கியம். இரண்டு பேரும் சக்கரத்தைக் குனிந்து பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒரு குழந்தை தண்ணீர் பாட்டிலை எடுக்க காரைச் சுற்றிப் போகும்.

எச்சரிக்கை முக்கோணம் வைப்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறு. உதாரணமாக பிரிட்டனில் சாதாரணச் சாலையில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள், மோட்டார்வே எனும் அதிவேகச் சாலையில் வைக்கவே கூடாது என்கிறார்கள், வைக்கப் போகிற ஆளுக்கே ஆபத்து என்பதால். நீங்கள் போகிற சாலைக்கான விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன சக்கரம் போக்குவரத்துப் பக்கம் இருந்தால், அங்கே உட்கார்ந்து நட்டைக் கழற்றாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி. உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு தடுப்புக்குப் பின்னால் காத்திருங்கள்.

என்ன கெட்டிருக்கிறது என்று பார்ப்பது

டிரெய்லரில் எஞ்சின் கிடையாது, அதனால் வழியில் நிறுத்திவைக்கக்கூடிய கோளாறுகளும் குறைவுதான். பெரும்பாலும் டயர், பேரிங், விளக்கு வயர் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

விளக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எல்லா விளக்கும் ஒன்றாக மங்கினாலோ, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு சேர்ந்து மினுக்கினாலோ, முதலில் எர்த் வயரைப் பாருங்கள். அது டிரெய்லரின் இரும்புச் சட்டமான சேசிஸில் சேருமிடத்தில் துரு பிடித்திருக்கும், சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். அடுத்து பிளக்கின் பின்கள், அப்புறம் ஃபியூஸ். சரியாகவில்லை என்றால் பொழுது சாய்ந்தபிறகு அந்த டிரெய்லரை இழுக்காதீர்கள்.

டயர் விஷயத்தில் எல்லாரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பட்டன் எல்லாம் புதுசுபோல இருக்கும், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும், 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் போய்விட்டால், அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு டயர் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கியிருக்கும், அதையும் தடவிப் பாருங்கள். அப்படிப்பட்ட டிரெய்லரில் ஸ்டெப்னி மாற்ற ஜாக்கி கூடத் தேவைப்படாமல் போகலாம், நல்ல சக்கரத்தைத் தடித்த பலகை அடுக்கின்மேல் ஏற்றி நிறுத்தினால் பஞ்சரான சக்கரம் தரையை விட்டு மேலே வந்துவிடும்.

இனி பேரிங். வழியில் படுக்கப்போகிற பேரிங் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடும், கேட்கத்தான் ஆள் வேண்டும். எங்கள் விஷயத்தில் ஏறத்தாழ அரை மணி நேரமாக ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது, சாலையின் சத்தம் என்று விட்டுவிட்டேன். பின்சீட்டில் இருந்த மகள் கண்ணாடியைப் பார்த்து "அப்பா, சக்கரத்துல புகை" என்றபோதுதான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் உட்பக்கம் முழுக்க கருப்பாக கிரீஸ் தெறித்திருந்தது, சக்கரத்தின் நடுவில் பேரிங்கை வைத்திருக்கும் ஹப்பின் தொப்பியைக் காணோம், கருகிய வாடை.

இந்த நிலையில் ஹப்பைக் கையால் தொடாதீர்கள், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரியும். தண்ணீர் ஊற்றி ஆற்றவும் கூடாது, கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். அரை மணி நேரமாவது அப்படியே ஆறட்டும். ஆறியபிறகு அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அல்லது சுற்றிவிடும்போது மணல் அரைப்பதுபோலச் சத்தம் வந்தால், பேரிங் போய்விட்டது. கிரீஸை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளித்தூள்போல மினுமினுத்தால் அது உள்ளே அரைபட்ட உலோகம்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: ஹப்பைத் தாங்கும் அச்சு முனை நன்றாக இருக்கிறதா? பேரிங்கின் உள்வளையம் கையால் கழன்று வந்து, அச்சு முனை வழவழப்பாக இருந்தால் அங்கேயே சரிசெய்ய வழி இருக்கிறது. உள்வளையம் அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, முனை நீலம் பாய்ந்து ஆழமாகக் கீறியிருந்தாலோ, சாலையோரத்தில் அதற்கு மருந்து இல்லை. பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சாலையோரத்தில் ஹப் மாற்றுவது

கிரீஸ் அடைத்து, பேரிங்கும் கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் சீலும் பொருத்திய முழு ஹப் ஒன்றை டிரெய்லரில் எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி பேரிங் வாங்கி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் பழைய ஹப்பிலிருந்து வெளிவளையத்தைத் தட்டி எடுத்துப் புதிதை அடித்து ஏற்றுவது தூசியிலும் வெயிலிலும் செய்கிற வேலை இல்லை. எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரில் ஹப்பும் பிரேக் டிரம்மும் ஒரே துண்டாக இருக்கும், அதற்கேற்றதையே வாங்குங்கள். சுமார் 1,600 கிலோ தாங்கும் அச்சுகள் பலவற்றில் வெளிப் பேரிங் எல்44649, உள் பேரிங் எல்68149 என்று இருக்கும். ஆனாலும் ஊகத்தில் வாங்க வேண்டாம், வீட்டில் ஒருமுறை கழற்றி, பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாதீர்கள், அதுதான் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை அச்சுக்குழாயின் நடுவில் வைக்காமல், அச்சுக்குப் பக்கத்தில் சேசிஸ் சட்டத்தின் கீழ் வையுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் வகை அச்சாக இருந்தால் அதன்மேல் ஜாக்கி படவே கூடாது, வளைந்துவிடும். தூக்கியபின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டு வைக்காமல் கீழே கையை விடாதீர்கள்.

பழைய ஹப்பை எடுத்து, அச்சு முனையைத் துணியால் நன்றாகத் துடைத்து, புதியதை ஏற்றுங்கள். நடு நட்டை இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே முதலில் நன்றாக இறுக்குங்கள், அப்போது பேரிங் தன் இடத்தில் போய் உட்காரும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்பவும் இறுக்கி, பூட்டு பின் போட ஓட்டை நேராக வருகிற அளவுக்கு நகர்த்திப் பின்னை மாட்டி வளைத்துவிடுங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்பேனரால் விடாப்பிடியாக இறுக்கிவிட்டால், அந்தப் புதுப் பேரிங்கும் சூடாகிப் பழையதன் வழியிலேயே போகும்.

டிரெய்லரை எப்போது விட்டுப் பிரிவது

ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு. நின்று ஒரு மணி நேரத்துக்குள் "இன்ன நேரத்தில் சரியாகும்" என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், டிரெய்லரை மெக்கானிக்கிடம் அனுப்பிவிட்டுக் குடும்பம் காரில் முகாமுக்குப் போகட்டும். மாற்று உதிரிபாகம் வந்துவிடும், வந்துவிடும் என்று காத்திருந்தே எங்கள் முழுநாளும் போனது.

உதவிக்குப் பேசும்போது டிரெய்லரின் எடை, நீளம், எத்தனை அச்சு, காரில் டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்தின் அளவு, சக்கரம் உருளுகிறதா, கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எந்தத் திசையில் போகிற சாலை என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தப்பான லாரி வந்து திரும்பிப் போகாமல் இருக்கும். உங்கள் சாலை உதவித் திட்டம் டிரெய்லரையும் சேர்த்தா, காரை மட்டுமா என்று வீட்டிலேயே படித்துப் பாருங்கள், காருக்கு மட்டும் என்று இருப்பவை உண்டு. அனுப்பும் முன் கேஸ் சிலிண்டரை மூடி, ஆவணங்களை எடுத்துக்கொண்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது நாங்கள் எங்கே கிளம்பினாலும் ஒரு பெரிய பை காரில்தான் வரும், டிரெய்லருக்குள் போகாது. சின்னக் கூடாரம், ஆளுக்கொரு போர்வை, ஒரு நாள் மாற்றுத்துணி, எல்லாருடைய மருந்து, டார்ச், தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. ஒரு ராத்திரியை அதை வைத்து ஓட்டிவிடலாம். முகாமுக்குப் போன் செய்து நேரமாகும் என்று சொல்லி, டிரெய்லர் இடத்துக்குப் பதில் கூடாரம் போட இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். டிரெய்லர் ஃபிரிட்ஜில் மின்சாரம் நின்றுவிட்டால் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரம் உணவு தாங்கும், நிறைய அடைத்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம். அதற்குமேல் ஆன பாலையும் இறைச்சியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், ஒன்றும் இல்லை என்று மழுப்பினால்தான் பயப்படுகிறார்கள். கைக்கு ஒரு வேலையும் கொடுங்கள். இரண்டாவது முறை எங்களுக்குப் பாதுகாப்பான ஒரு நிறுத்துமிடத்தில் டயர் போனபோது, சின்னவன் தள்ளி உட்கார்ந்து கிண்ணத்தில் வீல் நட்டுகளைக் காவல் காத்தான். ஒவ்வொன்றாக எண்ணி, துடைத்து, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தான், ஒரு தடவைகூட "எப்போ போவோம்" என்று கேட்கவில்லை.

கிளம்பும் முன்னும், சரிசெய்து கிளம்பிய பின்னும்

பேரிங்கை ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது சுமார் 19,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடையுங்கள். மழைக்காலம் முழுக்க நின்றிருந்த டிரெய்லராக இருந்தால் ஓடவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், நின்ற இடத்திலேயே ஈரம் இறங்கித் துருப்பிடிக்கும். டயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. காரின் ஜாக்கி டிரெய்லருக்குப் பொருந்துகிறதா, காரின் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டு வாசலில் ஒருமுறை உண்மையாகவே தூக்கிக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் இரண்டும் பொருந்தாது.

முதல் 30 கிலோமீட்டரில் ஒரு நிறுத்தம் போட்டு எல்லா ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை, ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தித் திரும்பவும் இறுக்குங்கள். 80-ஆவது கிலோமீட்டர் முகாம் வாசலைத் தாண்டி வந்தால், மறக்காமல் ரெஞ்சை டிரெய்லரிலிருந்து எடுத்து டிரைவர் சீட்டின் மேலேயே வைத்துவிடுங்கள், திரும்பக் கிளம்பும்போது கண்ணில் படட்டும்.