இரண்டு வெப்கமராவால் ரெனிஸ் பந்தின் வேகத்தை அளப்பது

ஒரே ரக வெப்கமரா இரண்டு, பைதன் நிரல்மொழியும் படங்களை ஆராயும் ஓபன்சீவி மென்பொருளும் போட்ட லப்டொப் ஒன்று. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு செம்மண் மைதானத்தில் பந்தின் வேகத்தை அளக்க இவை போதும். ஒரே பந்து இரண்டு படங்களிலும் சற்றுத் தள்ளித் தள்ளி விழும். அந்தத் தள்ளலிலிருந்துதான் தூரம் வருகிறது:

தூரம் = பிக்சலில் குவியநீளம் × கமரா இடைவெளி ÷ தள்ளல்

குவியநீளம் 1000 பிக்சல், இடைவெளி 50 சென்ரிமீற்றர் என்றால், 10 மீற்றரில் நிற்கும் பந்துக்குத் தள்ளல் 50 பிக்சல். அதில் ஒரு பிக்சல் பிசகினால் தூரம் 20 சென்ரிமீற்றர் பிசகும். இடைவெளியை 10 சென்ரிமீற்றராகக் குறைத்தாலோ பிழை ஒரு மீற்றரைத் தொடும்.

1. பூட்டுதல்
கமராக்களை அலுமினியச் சட்டத்தில் இறுக்குங்கள். மரப்பலகை வேண்டாம், காலைப் பனிக்கும் மத்தியான வெயிலுக்கும் முறுக்கிக்கொள்ளும். ஒரு கமரா 0.1 பாகை திரும்பினாலே தள்ளல் 1.75 பிக்சல் மாறும். சோளகக் காற்றில் ஸ்டாண்ட் ஆடாமலிருக்க, நடுவில் மணல் நிரப்பிய உரப்பையைத் தொங்கவிடுங்கள். ஓட்டோ ஃபோகஸை நிறுத்துங்கள். எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம், 1/1000 செக்கன்.

2. அளவுத்திருத்தம்
ஏ3 தாளில் 10×7 சதுரங்கக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 35 மில்லிமீற்றர். தட்டையான பலகையில் ஒட்டுங்கள். லமினேட் செய்தால் வெயிலில் மினுங்கி மூலைகள் பிடிபடாது. 2 முதல் 4 மீற்றர் தூரத்தில், சரித்தும் படத்தின் ஓரங்களுக்குக் கொண்டுபோயும் 25 சோடிப் படங்கள் எடுங்கள். இவற்றிலிருந்து குவியநீளத்தையும் கமராக்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையையும் ஓபன்சீவி கணிக்கும்; அந்தக் கணிப்பின் பிழை 0.5 பிக்சலுக்குள் வரவேண்டும். அதன்பின் சட்டம் எதிலாவது இடிபட்டால் இதை முதலிலிருந்து செய்யத்தான் வேண்டும்.

3. நேரம்
பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். வெப்கமராக்கள் இரண்டும் ஒரே கணத்தில் படம் பிடிப்பதில்லை. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் குறுக்கே போகும் பந்து, ஒரு கமரா 10 மில்லிசெக்கன் பிந்தினால் 20 பிக்சல் நகர்ந்துவிடும். 10 மீற்றர் தூரம் 7 ஆகவோ 17 ஆகவோ தெரியும்!

பிந்தலைக் கண்டுபிடிக்கப் பந்தை நேரே கீழே போடுங்கள். ரெக்டிஃபை செய்த, அதாவது அளவுத்திருத்தத்தை வைத்து வரிசைகளை ஒரே நேரில் கொண்டுவந்த, படங்களில் பந்து இரண்டிலும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். 10 மீற்றர் தூரத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் விழும்போது 5 பிக்சல் வித்தியாசம் என்றால் பிந்தல் 10 மில்லிசெக்கன். ஒரு கமராவின் பந்துப் பாதையை அந்த அளவு நகர்த்தி, இடைப்பட்ட புள்ளிகளைக் கணித்து எடுங்கள். கமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிந்தல் மாறும். ஆகவே ஒவ்வொரு பதிவையும் பந்தைக் கீழே போட்டே தொடங்குங்கள்.

4. பந்தும் வேகமும்
மஞ்சள் பந்தைச் செம்மண் பின்னணியில் நிறத்தை வைத்தே பிரிக்கலாம். காய்ந்த புல்லில் அது சரிவராது.

அடுத்தடுத்த இரண்டு பிரேம்களைக் கழித்து வேகம் எடுக்காதீர்கள். 20 சென்ரிமீற்றர் தூரப்பிழை, இரண்டு பிரேம்களுக்கு இடைப்பட்ட 33 மில்லிசெக்கனில் செக்கனுக்கு 6 மீற்றர் பொய்வேகமாகிவிடும். ஆறேழு புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்துங்கள்.

5. சரிபார்ப்பு
கீழே போட்ட பந்தின் முடுக்கம் 9.8க்குக் கிட்ட வரவேண்டும். 10.4 வந்தால் அடிமட்டத்தை எடுத்துக் கட்டத்தை அளந்து பாருங்கள். அச்சடித்த கடையில் தாளுக்குள் அடக்கச் சுருக்கியிருப்பார்கள்; 35 என்று கொடுத்தது 33 ஆக இருக்கும்.