அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிபதியின் பணிவாழ்வை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

ஃபெடரல் மாவட்ட நீதிபதி ஒருவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரங்கல் குறிப்பையும் பரபரப்பான ஓரிரு தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அதில் அந்த நீதிபதி அகப்படமாட்டார். அவர் விசாரணை நீதிமன்றத்துக்காரர். மனுக்கள் மீதான உத்தரவு, தண்டனை விதித்த நாள், ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கம் ஆகியவற்றில்தான் அவருடைய உழைப்பு கிடக்கிறது. அதைத் தேடி எடுப்பதே வாழ்க்கை வரலாற்றின் பாதி வேலை.

முதலில் தேதிகளைச் சரிசெய்யுங்கள். ஃபெடரல் நீதித்துறையின் ஆய்வு அமைப்பான ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் இணையதளத்தில் 1789 முதல் பதவியேற்ற ஃபெடரல் நீதிபதிகளின் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிபர் பெயரை முன்மொழிந்த நாள், செனட் ஒப்புதல் தந்த நாள், நியமனப் பத்திரம் கையெழுத்தான நாள், உறுதிமொழி எடுத்த நாள் ஆகிய நான்கும் வெவ்வேறு. பத்திரிகைகள் இவற்றைக் கலந்துவிடும். நீங்கள் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செனட் கூடாத இடைவேளையில் நியமனம் நடந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அலபாமா மத்திய மாவட்டத்தின் ஃபிராங்க் ஜான்சனை அதிபர் ஐசனோவர் 1955-இல் அப்படித்தான் அமர்த்தினார். செனட் ஒப்புதல் 1956-இல்தான் வந்தது. ஆகவே 1955 என்பவரும் 1956 என்பவரும் அவரவர் அளவில் சரியே. எந்த நாளைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதிவிட்டால் தகராறு இல்லை. ஜான்சனே 1979-இல் ஐந்தாவது சர்க்யூட் (பல மாநிலங்களை உள்ளடக்கிய மேல்முறையீட்டு வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 1981-இல் அந்த சர்க்யூட் இரண்டாகப் பிரிந்தபோது சட்டப்படி பதினொன்றாவதில் சேர்க்கப்பட்டார். இதைப் புது நியமனம் என்று எழுதினால் பிழை.

பதவிக்கு முந்தைய வாழ்க்கைக்கு, அண்மைக் கால நீதிபதிகள் என்றால், செனட் நீதிக் குழுவுக்கு அவர்கள் நிரப்பித் தந்த வினாத்தாளைப் படியுங்கள். வக்கீலாக நடத்திய முக்கியமான பத்து வழக்குகளை அதில் அவர்களே விவரித்திருப்பார்கள். எதிர்தரப்பு வக்கீலின் பெயரும் இருக்கும். பேட்டிக்கு யாரைத் தேட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு சொற்றொடர்கள் கைப்பிரதிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘தலைமை நீதிபதியாகப் பதவி உயர்வு பெற்றார்’ என்பது ஒன்று. மாவட்ட நீதிமன்றத் தலைமை, பணிமூப்பில் தானாக வருவது. இன்றைய விதிப்படி 65 வயதுக்கு உட்பட்ட, குறைந்தது ஓராண்டு பணியாற்றிய, ஏற்கெனவே தலைமை வகிக்காத மூத்த நீதிபதிக்குப் போகும். காலம் ஏழாண்டு, பொதுவாக 70 வயது எல்லை. மற்றொன்று, சீனியர் நிலைக்குப் (பணியைக் குறைத்துக்கொண்டு நீதிபதியாகத் தொடரும் நிலை) போனவரை ‘ஓய்வு பெற்றார்’ என்பது. அந்த நிலைக்குப் போக வயதும் பணியாண்டும் கூட்டினால் 80 வர வேண்டும்: 65 வயதில் 15 ஆண்டு பணி, 70 வயதில் 10 ஆண்டு. அதன் பிறகும் அவர் நீதிபதிதான், வழக்கு கேட்கிறார். அவர் இடத்துக்கு மட்டும் புதியவரை நியமிக்கலாம். நியூயார்க் தெற்கு மாவட்டத்தின் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி 1986-இல் சீனியர் நிலைக்குப் போய், 2005-இல் இறக்கும்வரை அதே நிலையில் இருந்தார். 1986-இல் கதையை முடித்தால் 19 ஆண்டுகள் காணாமல் போகும்.

இனி வழக்குகள். பேசர் என்ற நீதிமன்ற ஆவணத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை. தீர்ப்புரைகள் இலவசம். ஆனால் தேடல் முடிவுகளுக்கும் பக்கக் கணக்கு உண்டு. அகலமாகத் தேடினால் பணம் கரையும். வழக்கு எண்ணின் கடைசியில் பல நீதிமன்றங்கள் நீதிபதியின் முதலெழுத்துகளைச் சேர்க்கின்றன. வழக்கு கைமாறினால் அவை மாறும். முதலில் கோர்ட்லிசனர் தளத்தில் பார்த்துவிடுங்கள், பலர் ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்தவை அங்கே இலவசமாக இருக்கும். மின்னணுப் பதிவுக்கு முந்தைய கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்டாரக் கிளையைக் கேட்க வேண்டும். கேட்குமுன் வழக்கு எண்ணை நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் பெட்டி கிடைக்காது.

ஒரு வழக்கின் பதிவேட்டை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படியுங்கள். மனு தாக்கலான நாள், கடைசி பதிலுரை வந்த நாள், உத்தரவு வந்த நாள் என மூன்று நெடுவரிசைகள் போடுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் நீதிபதியின் வேகம். மொத்த வழக்கு எத்தனை ஆண்டு நடந்தது என்பதில் வக்கீல்களின் தாமதமும் கலந்திருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தீராத மனுக்களின் பட்டியல், 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதி பெயரோடு ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. அதோடு ஒப்பிடுங்கள். மாவட்ட நீதிபதிக்கு உதவும் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியின் பரிந்துரையை அப்படியே ஏற்ற உத்தரவுகளைத் தனியாக வையுங்கள், அந்த வாசகங்கள் வேறொருவருடையவை.

தீர்ப்பை எழுதியவர் பெயரை மட்டும் வைத்துத் தேடினாலும் தவறும். மான்ட்கமரி பேருந்துகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற 1956-ஆம் ஆண்டு பிரௌடர் எதிர் கெய்ல் தீர்ப்பை மூன்று நீதிபதிகள் அமர்வு தந்தது. எழுதியவர் ரைவ்ஸ், ஜான்சன் உடன்பட்டார், லின் மறுத்தார். அது நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால் சர்க்யூட் பதிவுகளில் தேடினாலும் கிடைக்காது.

‘எத்தனை தீர்ப்பு ரத்தானது’ என்று சதவீதம் போடத் தோன்றும். பெரும்பாலான சிவில் வழக்குகள் சமரசத்திலும், குற்ற வழக்குகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் முடிகின்றன. மேல்முறையீட்டுக்குப் போவது ஒரு சிறு பகுதி. எனவே ரத்தான ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள்: சட்டம் இடையில் மாறியதா, சாட்சியத்தை அனுமதித்ததில் பிழையா, தண்டனைக் கணக்கில் பிழையா. எண்ணிக்கையை விட அந்தக் காரணங்கள் நீதிபதியைக் காட்டும்.

நீதிபதியின் அலுவலக அறையில் எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் நீதிபதியின் சொந்தச் சொத்து. குடும்பம் கொடுத்தால்தான் நூலகத்துக்கு வரும். ஜான்சனின் தாள்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. கிளம்புமுன் அந்தத் தொகுப்பின் வழிகாட்டிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எந்தப் பெட்டி எந்த ஆண்டுவரை மூடப்பட்டிருக்கிறது, யாருடைய அனுமதி வேண்டும் என்பதைப் பாருங்கள்.